வீட்டுக்குத் தூரம்

உக்காரு தாயி, உக்காரு. பையை நான் மடியில வச்சுக்கிடுறேன், இடம் இருக்கு. ஜன்னல் பக்கம் வேணுமா? வேண்டாமா? நல்லதாப் போச்சு. எனக்குக் காத்து வேணும். கோவில்பட்டியில ஏறுனதுல இருந்து நெஞ்சை அடைச்சுக்கிட்டு வருது. நோய்நொடி ஒண்ணும் இல்ல. மனசுதான்.

திருச்சிக்குத்தான் போறேன். நீயும் திருச்சியா? அப்ப பேச்சுத் துணைக்கு ஆச்சு. அவ்வளவு தூரம் வாயை மூடிக்கிட்டு வர என்னால ஆகாது. என் வாயப் பத்தி ஊரே பேசுது, நீ கேள்விப்பட்டிருக்க மாட்டே.

நீ ஹாக்கி பாப்பியா? பாக்கமாட்டே. யாரு பாக்கா. எங்க ஊர்ல அப்படி இல்ல தாயி, அங்க பால்வாடிப் பிள்ளை கூட வேப்பங்கொம்பை வளைச்சு மட்டையாக்கிப்புடும். சரி, காளீஸ்வரின்னு பேராவது கேட்டிருக்கியா? இந்தியா டீம். பின்னால நின்னு தடுக்கிற ஆளு. அவ என் மருமக.

பாத்தியா, நிமிந்து உக்காருறே. எல்லாரும் இப்படித்தான், 'அட, காளீஸ்வரிக்கு மாமியாரா'ம்பாக. அடுத்த நிமிஷம் அவுக முகம் மாறும். உனக்கு விஷயம் தெரியாதுல்ல, அதான் இன்னும் மாறல.

முப்பிடாதி வாயாலதான் இந்தியா தோத்துச்சாம். முப்பிடாதி நான்தான். இது எப்படி இருக்கு? நான் என்ன கோல்போஸ்ட்ல நின்னேனா? முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனவ. புருசன் போன பிறகு ஒத்தைப் பிள்ளையைத் தூக்கி நிறுத்துனவ. நான் போய் இந்தியாவைத் தோக்கடிச்சேனாம்!

அவளை எம் மகன் பூவநாதனுக்குக் கேட்டப்ப எங்க ஆளுகள்ல ஒருத்தருக்கும் இஷ்டமில்ல. 'முட்டிக்கு மேல பாவாடை போட்டு ஓடுறவளா மருமக'ன்னு எங்க மதினி, எங்க அண்ணன் சம்சாரம், என் காதுபடவே கேட்டா. நான் சொன்னேன், 'அவ ரயில்வேயில சம்பளம் வாங்குறா, உம் மருமக என்ன வாங்குறா'ன்னு. அன்னைக்கு வாய மூடுனவதான். அப்படிக் கட்டிட்டு வந்தேன் இவளை. மகளாட்டம் வச்சிருந்தேன். பொய் சொல்லல. பயறு அவிச்சுக் குடுத்தது யாரு, முட்டை அவிச்சு உரிச்சுக் குடுத்தது யாரு? மட்டையைக் கூட நான் துடைச்சு வச்சிருக்கேன்.

இது ரெண்டு வருஷத்துக்கு முந்தி. அப்ப ஒரு லீக்கு. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். உலகத்துலயே பெரிய பெரிய பொம்பளைங்க டீமா ஒரு ஒன்பது பொறுக்கி எடுத்து, வருஷம் முழுக்க ஆடவிடுவாக. மாசி மாசம் வெள்ளைக்காரிக எல்லாம் இங்க ஒரிசாவுக்கு வந்து ஆடுவாக. நடுவுல கொஞ்ச நாள் லீவு. அப்புறம் ஆனி மாசம் நம்ம பிள்ளைக அங்க போகணும், பெல்ஜியம், ஜெர்மனி, லண்டன்னு. கடைசியா எந்த நாடு நிக்குதோ அது லீக்கை விட்டே வெளிய போயிரணும். அப்புறம் ஏறி வர்றது லேசுப்பட்ட காரியமில்ல. ஒரிசால ஆடி முடிச்சப்ப நம்ம கடைசிக்கு முந்துன இடம். போறவக ஒழுங்கா ஆடுனா தப்பிச்சிரலாம்னு நெலம.

இவளுக்கு அதுல என்ன வேலைங்கிறே? பெனால்டி கார்னர்னு ஒண்ணு இருக்கு. எதிராளி ஒருத்தி பந்தை இழுத்து சுழட்டி கோலைப் பாத்து விடுவா. கல்லு மாதிரி பந்து. கண்ணுல தெரியாது, அவ்வளவு வேகம். அந்தப் பந்துக்கு நேரா நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தி ஓடணும். முகத்துக்கு ஒரு கூண்டை மாட்டிக்கிட்டு, மொத ஆளா, எதிர்க்க ஓடி உடம்பைக் குறுக்க விடணும். அந்த மொத ஆளுதான் காளி. எல்லாரும் பந்தைக் கண்டா விலகுவாக, எம் மருமக பந்தைக் கண்டா ஓடுவா. ஒரிசால ஒரு நாள் பந்து தொடையில பட்டுச்சு. எந்திரிச்சு நொண்டிக்கிட்டே மறுபடியும் போய் கோட்டுல நிக்கிறா! நான் வீட்டுல போனைப் பிடிச்சுக்கிட்டு, 'வெளிய வாடி, வெளிய வாடி'ன்னு கத்துறேன். அவளுக்கா கேக்கும்?

அந்த லீவுலதான் வீட்டுக்கு வந்தா. பங்குனித் திருவிழா சமயம். ஒரு மாசத்துக்கு மேல இருந்தா.

சொல்றதுக்குக் கூச்சமாத்தான் இருக்கு, நீயும் பொம்பளை, சொன்னா என்ன. எங்க வீட்டுல ஒரு வழக்கம். தூரமாயிட்டா சாமி விளக்கைத் தொடக்கூடாது. அவ வீட்டுல இருந்தா விளக்கு அவதான் ஏத்துவா, தூரமானா 'அத்தை, நீங்க ஏத்துங்க'ம்பா, நான் புரிஞ்சுக்கிடுவேன். அந்தத் தடவை ஒரு நாள் கூட அவ அப்படிச் சொல்லல. தினம் அவளே ஏத்துறா. நாடு நாடா அவ்வளவு தூரம் போறவ, வீட்டுக்கு மட்டும் தூரமே ஆகல. நான் கவனிக்காம இருப்பனா? மாமியார்க்காரி வேற எதைக் கவனிக்க?

அதோட மாங்கா கேட்டா. உப்பும் வத்தலும் வச்சுத் திங்கிறா. காலையில ஓடிட்டு வந்து கொல்லையில நின்னு ஓங்கரிச்சா. வெயில்ல ஓடுனாப் பித்தம் வரும்தான், எனக்குத் தெரியாமயா இருக்கும். ஆனா மூணையும் சேத்துப் பாரு. நீயே சொல்லு, நீ என்ன நினைப்பே?

கல்யாணம் ஆகி மூணு வருஷம் தாயி. மூணு வருஷமா நான் தெருவுல நடந்தா, 'என்ன முப்பிடாதி, விசேஷம் உண்டா'ம்பாக. தண்ணி எடுக்கப் போனா விசேஷம் உண்டா. ரேசன் கடையில விசேஷம் உண்டா. அவ வருஷத்துல பாதி நாள் கேம்ப்ல கிடக்கா, விசேஷம் தபால்லயா வரும்? தை மாசம் எங்க மதினி மகளுக்கு வளைகாப்பு. காளி ஆசையா ரெண்டு வளையலை எடுத்து அந்தப் பிள்ளை கையில போடப் போறா, எங்க மதினி தட்டை இழுத்துக்கிட்டு, 'நீ இரும்மா, பிள்ளை பெத்தவுக போட்டு முடிக்கட்டும்'ங்கா. இந்தியா சட்டை போட்டவளை! காளி சிரிச்சிக்கிட்டே வளையலைத் திரும்ப வச்சிட்டா. அவளுக்கு ஒறைக்கவே இல்ல. எனக்கு ஒறைச்சுச்சு. அன்னைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கல. இன்னைக்கு நினைச்சாலும் எரியுது.

அதனால கேட்டேன். ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல, நேராவே கேட்டேன். மாங்கா நறுக்கிக்கிட்டு இருந்தா. 'என்ன காளி, நாள் தள்ளிப் போயிருக்கா?'ன்னேன்.

கத்தியை வச்சிட்டு என்னைப் பாத்தா. 'அது அப்படித்தான் அத்தை. கேம்ப்ல ரொம்ப ஓடுனா சில பேருக்கு நின்னுரும். அப்புறம் தானா வரும்'னா.

'எத்தனை மாசமா?'

'விடுங்க அத்தை. யார்ட்டயும் சொல்லிராதீங்க.'

அவ்வளவுதான் பேச்சு. நான் அடுக்களைக்குப் போய் சாமி படத்தைக் கும்புட்டேன். ஏன்னா கேளு, நம்ம பக்கத்துல எந்தப் பிள்ளையாவது மொத மூணு மாசம் உண்டாயிருக்கேன்னு வாயத் தொறந்து சொல்லுவாளா? சொல்லமாட்டா. கண்ணு படும், நிக்காதும்பாக. 'யார்ட்டயும் சொல்லிராதீங்க'ன்னு மட்டும்தான் சொல்லுவா. நான் பூவநாதனை உண்டானப்ப எங்க அத்தைகிட்ட இதே பேச்சைத்தான் பேசினேன். எங்க அத்தை புரிஞ்சுக்கிட்டாக. நானும் புரிஞ்சுக்கிட்டேன். ஓடுனா நின்னுரும்கிறதெல்லாம் சாக்குன்னு நினைச்சேன். காட்டு வேலை செய்யுற பொம்பளைக எல்லாம் ஓடியாடாமயா இருந்தாளுக? அவளுகளுக்கு எல்லாம் நின்னா போச்சு?

யார்ட்டயும் சொல்லல தாயி. சத்தியம். எங்க மதினிகிட்ட மட்டும்தான் சொன்னேன். காளி கேம்ப்புக்குப் போன மறுவாரம் மதினி வீட்டுக்கு வந்து, 'உம் மருமக பந்தைத்தான் பெறுவா போல'ன்னு இளிச்சா. நான் என்ன மரக்கட்டையா? 'போ மதினி, எம் மருமக முழுகாம இருக்கா. மூணாவது மாசம். நீ வளையலைக் கழுவி வையி'ன்னேன். அவ முகம் போன போக்கைப் பாக்கணுமே. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் மூணு வருஷம் காத்துக் கிடந்தேன்.

மதினி வாயில எதும் நிக்குமா? அவ மருமகன் போய் எட்வின் சார்கிட்ட சொல்லியிருக்கான். எட்வின் சார்தான் காளிக்குச் சின்ன வயசுல மட்டை பிடிக்கச் சொல்லிக் குடுத்தவர். நல்ல மனுசன், சந்தோசம் தாங்காம ஹாக்கிக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டுட்டாரு. 'நம் ஊரின் பெருமை காளீஸ்வரி தாயாகப் போகிறார்.' ரோசாப்பூ, கைகூப்பு, பால்புட்டிப் படம். அதுக்குக் கீழ ஊரே வாழ்த்து போட்டுச்சு. அந்தக் குரூப்புல இல்லாத ஆளு யாரு? பெங்களூர் கேம்ப் வரைக்கும் போயிருச்சு.

மேனேஜரம்மா எனக்கே போன் போட்டாக. அரைகுறைத் தமிழ். 'காளீஸ்வரி மாசமா இருக்காங்களா? வீட்டுல உங்களுக்குத் தெரியுமா?' நான் என்ன செய்ய? பொய் சொல்லவா? ஆனி மாசம் வெள்ளைக்காரி பந்துக்கு முன்னால வயித்தைத் தூக்கிக்கிட்டு ஓடப்போறா, நான் வாய மூடிக்கிட்டு இருக்கவா? 'ஆமாம்மா, ரெண்டு மூணு மாசமா தலைக்குக் குளிக்கல. பிள்ளையைப் பாத்துக்கோங்க, பந்துக்கு நேரா ஓட விட்டுராதீங்க'ன்னேன். இதுல என்ன தப்பு இருக்கு? நீயே சொல்லு. பெத்த தாயா இருந்தாலும் இதைத்தானே சொல்லுவா?

டெஸ்ட் எடுத்தாக. ஒண்ணும் இல்ல.

ஒண்ணுமே இல்லையாம் தாயி. அவ சொன்னதுதான் நிசமாம், ஓடி ஓடி நின்னுபோச்சாம். சரி, ஒண்ணும் இல்லைன்னா அதோட விட்டிருக்கணும்ல? விடல. டாக்டரம்மா பிடிச்சுக்கிட்டாக. 'அப்ப ஏன் வரல? எத்தனை மாசமா வரல? ஏன் எங்ககிட்ட மறைச்சே?'ன்னு. மறைச்சிருக்கா கழுதை. சொன்னா உக்கார வச்சிருவாகன்னு எல்லா மாசமும் வருதுன்னே சொல்லியிருக்கா. எலும்பைப் படம் பிடிச்சுப் பாத்தா, உள்ள பொக்கா இருக்காம். இப்படியே ஓடுனா படக்குனு முறிஞ்சிரும், தின்னு தூங்கி உடம்பைத் தேத்திட்டு வான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக. பிளேன் ஏற வேண்டியவ ரயிலேறி கோவில்பட்டிக்கு வந்தா.

அப்ப யோசிச்சுப் பாரு. நான் வாயத் தொறந்ததாலதானே அந்த எலும்பு விஷயமே வெளிய வந்துச்சு? இல்லைன்னா ஜெர்மனியில போய்க் கால் ஒடிஞ்சு கிடப்பா. இதை ஒருத்தராவது சொன்னாகளா? எட்வின் சார் கூட என்னைப் பாத்தா சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போறாரு. குரூப்புல போட்டது அவரு, திருப்பிக்கிட்டுப் போறதும் அவரு!

வந்தவ ஒரு சண்டை போடல. சண்டை போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்குச் சண்டை போடத் தெரியும். அங்க மேட்ச் ஆரம்பிச்சா, சாயந்தரம் போனைச் சுவத்துல சாத்தி வச்சிட்டு முன்னால உக்காருவா. நானும் கூட உக்காருவேன். பெல்ஜியம்கூட ஒரு மேட்ச். கடைசியில அவுகளுக்குப் பெனால்டி கார்னர். இவ இடத்துல வேற ஒரு பிள்ளை கூண்டு மாட்டிக்கிட்டு நிக்கிது. பந்தை இழுத்துட்டாக. இவ பாயில உக்காந்த வாக்குல வலது காலை விசுக்குனு நீட்டுறா. தம்ளர்ல வச்சிருந்த பால் தட்டி விழுந்து பாயெல்லாம் ஓடுது. அந்தப் பிள்ளை ஒரு எட்டு பிந்திருச்சு. கோல்.

நான் துணியை எடுத்துப் பாலைத் துடைச்சேன். அப்பத்தான் கேட்டா.

'அத்தை, உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?'

'யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னே.'

'நீங்க சொன்னீங்களா?'

'மதினிகிட்ட மட்டும்தான் காளி. உன்னைக் கேவலமாப் பேசுனா, நான் பொறுக்கமாட்டாம...'

'என்னைப் பேசுனா எனக்கு வலிக்கல அத்தை. உங்களுக்குத்தான் வலிச்சுச்சு. அதுக்கு என் உடம்பை எடுத்துக் குடுத்துட்டீங்க.'

இதுக்கு என்ன அர்த்தம்? ரொம்ப நாள் யோசிச்சேன். உடம்பை எடுத்துக் குடுத்தேனாம். என்ன பேச்சு இது, பெரிய பேச்சு. படிச்ச பிள்ளைக இப்படித்தான் புரியாத மாதிரி பேசி வாய அடைச்சிருங்க.

ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல அங்க. கடைசி இடம். லீக்கை விட்டு வெளிய. அவ ஒருத்தி போயிருந்தா ஜெயிச்சிருக்குமா? ஒருத்தியால ஒரு நாடு ஜெயிக்குமா? ஆனா ஊர்ல அப்படித்தான் பேசுறாக. தீப்பெட்டி ஆபீஸ்ல ஒருத்தி என் முன்னாலேயே, 'யக்கா, உங்ககிட்ட ஒரு ரகசியம் சொல்லவா, இந்தியா பூராவும் சொல்லிருவீங்களா'ங்கா. எல்லாரும் சிரிக்கிறாளுக.

அந்த ஆடியிலேயே ரெண்டு பேரும் திருச்சிக்குப் போயிட்டாக. அவளுக்கு அங்கதான் ரயில்வே வேலை. எம் மகன் சாமானைக் கட்டும்போது நான் வாசல்ல நின்னு, 'நான் என்னப்பா தப்பு பண்ணுனேன்'னு கேட்டேன். 'நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. நீ கொஞ்சம் பேசாம இரு, அது போதும்'னான். என் பிள்ளை, நான் பேச்சு சொல்லிக் குடுத்த பிள்ளை, என்னைப் பேசாம இருங்கிறான்.

அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். 'சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? சரி வைக்கட்டா.' காளியைக் கேட்டா, 'டூட்டிக்குப் போயிருக்கா.' தீபாவளிக்கு வாங்கப்பான்னா, 'பாப்போம்.' பொங்கலுக்கும் பாப்போம். ரெண்டு வருஷம் இப்படியே பாத்துக்கிட்டே இருந்தான்.

அந்தா, மேலூர் தாண்டுது. தண்ணி இருக்கா? குடு. இந்தா, போதும்.

போன மாசம் சென்னையில ஒரு போட்டி. ரயில்வே டீம்ல அவ ஆடுறாளான்னு போன்ல பாத்துக்கிட்டு இருந்தேன். பாக்காம இருக்க முடியல. அவ பேச வேண்டாம், ஓடுறதையாவது பாக்கலாம்ல? பாத்தேன். பழைய ஓட்டம். கொஞ்சம் பூசுனாப்புல இருந்தா. நல்லாத்தான் திங்கிறா போல, எலும்பு தேறிருச்சு போலன்னு சந்தோசப்பட்டேன். அப்ப மேட்சைப் பத்திப் பேசிக்கிட்டே வருவான்ல ஒரு பையன், தமிழ்ல, அவன் சொல்றான்: 'ஆண் குழந்தைக்குத் தாயாகி ஒரே வருஷத்துல மறுபடியும் களத்துக்கு வந்திருக்காங்க காளீஸ்வரி, ஒரு பெரிய கைதட்டு குடுக்கலாம்'னு.

எங்கயோ மைக்கு முன்னால உக்காந்திருக்கிற ஒரு பையன் சொல்லித்தான் எனக்குப் பேரன் பிறந்தது தெரியும் தாயி.

ஒரு வருஷம். குப்புற விழுந்திருப்பான், தவழ்ந்திருப்பான், பல்லு முளைச்சிருக்கும். நான் இங்க விளக்கு ஏத்தி, 'ஆத்தா, எங்களுக்கு ஒரு பிள்ளையைக் குடு'ன்னு கும்புட்டுக்கிட்டே கிடந்திருக்கேன். எழுந்து ஓடிப்போய் மதினிகிட்ட கேட்டேன். மதினி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்குத் தெரியும்! எட்வின் சாருக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ்க்காரிகளுக்குக் கூடத் தெரியும். 'முப்பிடாதி அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க'ன்னு காளி சொல்லியிருக்கா. இவளுகளும் சொல்லல. ஒருத்தி சொல்லல. எதும் நிக்காத மதினி வாயில ஒரு வருஷம் நின்னிருக்கு தாயி! எம் வாய்தான் ஓட்டை வாய், சரி. ஊர் வாய்க்குப் பூட்டு இருந்திருக்கே, எனக்காக மட்டும்.

அதான் கிளம்பிட்டேன். சொல்லல. சொன்னா வராதேம்பாக. பையில வசம்பு இருக்கு, கோர்த்துக் கையில கட்டணும். அரைஞாண் கயிறு. ஒரு சோடி காப்பு, வெள்ளிதான், கை தடிச்சிருந்தா ஏறுமோ என்னமோ. அளவு யாருகிட்ட கேக்க?

வீடு எதுன்னு தெரியாது. ஸ்டேசன் பக்கத்துல ரயில்வே குடியிருப்புன்னு மட்டும் தெரியும், அங்க ஆயிரம் வீடு இருக்குமாமே. தாயி, ஒரு உதவி செய்வியா? உன் போனைக் குடேன். என் நம்பரைப் பாத்தா எடுக்கமாட்டா. உன் நம்பர்னா தெரியாது, எடுப்பா. நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்றேன், போட்டுக் குடு.

அடிக்குதா? இங்க குடு, குடு.

அலோ... காளி, நான்தாம்மா. அத்தை. வச்சிராத, ஒரு நிமிசம், வச்சிராதம்மா... பஸ்ல இருக்கேன். திருச்சிக்குத்தான்... இல்ல, தங்க மாட்டேன், ஒரே ஒரு தடவை மொகத்தைப் பாத்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவேன்... அழுறது அவனா? அவன்தானா காளி? என்ன பேரும்மா வச்சிருக்கே... சரி, சரி, கேக்கல. நான் ஒண்ணும் கேக்கல.

என்னது? இது யாரு போனா? பக்கத்து சீட்டுல ஒரு பிள்ளைம்மா... தெரியாது, பஸ்லதான் பாத்தேன்... இல்லம்மா. உன்னைப் பத்தியா? நான் ஏம்மா சொல்லப்போறேன். ஒரு வார்த்தை சொல்லல காளி. எம் பிள்ளை மேல சத்தியமா, ஒரு வார்த்தை சொல்லல.